மலை ஏறும் காருக்கு எந்தப் பெட்ரோல்?

மேட்டுப்பாளையத்தில் பெட்ரோல் போட நிறுத்தினால், வண்டி ஊட்டிக்குப் போகிறது என்பது பங்க் பையனுக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும். கேரியரில் பெட்டி, பின் சீட்டில் குழந்தைகள், யார் கையிலாவது வாந்திக்காக ஒரு எலுமிச்சம்பழம். “மலை ஏறுறீங்க சார், பிரீமியம் போட்டுக்குங்க. நல்லா இழுக்கும்” என்பான். எதிரே நீலமலை நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. லிட்டருக்குச் சில ரூபாய் கூடக் கொடுத்து நிரப்பிக்கொண்டு கிளம்புவோம். நானும் பல வருடம் அப்படிக் கிளம்பியவன்தான். குன்னூர் வருவதற்குள் வண்டி வழக்கம்போல மூச்சு வாங்கும். பிரீமியம் போட்டதால்தான் இந்த அளவாவது இழுக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

உண்மை நேர்மாறானது. உயரம் ஏற ஏற, டர்போ இல்லாத சாதாரணப் பெட்ரோல் இன்ஜினுக்கு ஆக்டேன் தேவை குறைந்துகொண்டே போகிறது. அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதி மாநிலங்களில் பல பங்க்குகள், சமவெளியில் விற்பதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலைத்தான் ‘ரெகுலர்’ என்று விற்கின்றன. டர்போ வைத்த இன்ஜினின் கதை வேறு. நம் ஊர்ச் சாலைகளில் இப்போது ஒரு லிட்டர், ஒன்றே கால் லிட்டர் டர்போ பெட்ரோல் கார்கள் நிறைய வந்துவிட்டன. அதனால் மேலே படிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். காரின் கையேட்டை எடுத்து, உங்கள் இன்ஜின் டர்போவா என்பதையும், குறைந்தபட்சம் எந்த ஆக்டேன் கேட்கிறது என்பதையும் பாருங்கள். பல கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறத்திலேயே அந்த எண் ஒட்டியிருக்கும்.

ஆக்டேன் எதை அளக்கிறது

காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை பிஸ்டன் அழுத்துகிறது. எதையும் அழுத்தினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். அழுத்தி முடிக்கும் தருவாயில் ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறது. அங்கே பற்றிய தீ சிலிண்டர் சுவரை நோக்கி ஒழுங்காகப் பரவ வேண்டும். பரவும் தீ முன்னால் இருக்கும் கலவையை இன்னும் நெருக்கிச் சூடாக்குகிறது. சில சமயம் தீ வந்து சேரும் முன்பே மூலையில் கிடக்கும் மிச்சக் கலவை தானாகவே பற்றி வெடித்துவிடும். அப்போது வருவதுதான் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போன்ற அந்தச் சத்தம். மெக்கானிக்குகள் ‘வண்டி நாக் அடிக்குது’ என்பார்கள். தொடர்ந்து அடித்தால் பிஸ்டனின் தலை அரிக்கும், ரிங் உடையும்.

தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண்தான் ஆக்டேன். 1926-இல் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் இந்த அளவுகோலை முன்வைத்தார். நன்றாகத் தாங்கும் ஐசோ-ஆக்டேனுக்கு 100, கொஞ்சமும் தாங்காத ஹெப்டேனுக்கு 0. நம் பெட்ரோல் 91 ஆக்டேன் என்றால், 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த திரவம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் என்று பொருள். சுத்தமான ஹெப்டேனுக்கு அன்று கலிபோர்னியா மலைகளில் வளரும் ஜெஃப்ரி பைன் மரத்தின் பிசினைத்தான் காய்ச்சினார்கள். ஆக்டேன் அளவுகோலின் பூஜ்யம் மலையிலிருந்து இறங்கி வந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

இந்த எண்ணுக்கும் பெட்ரோலில் இருக்கும் சக்திக்கும் சம்பந்தமில்லை. எத்தனாலின் ஆக்டேன் 108-ஐ ஒட்டியது, ஆனால் லிட்டருக்கு அது தரும் சக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 91 போதும் என்று வடிவமைத்த இன்ஜினில் 100 ஊற்றினால் அதிகமாக வருவது பில் மட்டும்தான்.

உயரத்தில் இன்ஜினுக்கு என்ன ஆகிறது

கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தை 100 என்று வைத்துக்கொண்டால், 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் அது சுமார் 77. லடாக்கின் லே நகரம் 3,500 மீட்டர், அங்கே 65. கர்துங் லா கணவாயில் 52 தான். அங்கே 18,380 அடி என்று எழுதிய பலகை முன் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். அளந்து பார்த்தவர்கள் சொல்லும் உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,600 அடியை ஒட்டியது. அதுவே தலை சுற்ற வைக்கப் போதுமானது.

இதைப் புரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது நீங்கள் திறந்துவிடுவது காற்று வரும் வழியை. சென்னைக் கடற்கரைச் சாலையில் பாதி மிதித்தால் இன்ஜினுக்குள் பாதி அழுத்தத்தில் காற்று போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்துங் லாவில் தரையோடு சேர்த்து மிதித்தாலும் அந்தப் பாதிதான் போகும். வெளியிலேயே அவ்வளவுதான் இருக்கிறது. சென்னையில் பாதி மிதித்து ஓட்டும்போது உங்கள் கார் என்றாவது நாக் அடித்திருக்கிறதா? கர்துங் லாவில் முழுதாக மிதித்தாலும் அதே காரணத்தால் அடிக்காது.

கணக்காகவும் பார்க்கலாம். 10:1 என்ற அழுத்த விகிதம் உள்ள இன்ஜின், கடல்மட்டத்தில் காற்றை ஏறத்தாழ 20 மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோகும். கர்துங் லாவில் அதே பிஸ்டன் அதே தூரம் அழுத்தியும் கடல்மட்டத்து அழுத்தத்தைப்போல 10 மடங்கை ஒட்டித்தான் வரும். மூலையில் கிடக்கும் மிச்சக் கலவைக்குத் தானாகப் பற்றிக்கொள்ளும் நெருக்கடியே அங்கே இல்லை. மலையில் குளிர் வேறு. இன்ஜினுக்குள் போகும் காற்று குளிர்ந்திருந்தால் நாக் இன்னும் தள்ளிப்போகும்.

அப்படியானால் வண்டி ஏன் இழுப்பதில்லை? காற்று குறைந்தால் எரிக்கும் பெட்ரோலும் குறையும், திறனும் குறையும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் போகும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 90 குதிரைத்திறன் கார் ஊட்டியில் 70 ஆகவும், கர்துங் லாவில் பாதியாகவும் சுருங்கும். இதற்குப் பெட்ரோலில் மருந்து கிடையாது. மூச்சுத் திணறுகிறவருக்கு நல்ல சாப்பாடு போட்டு என்ன பயன்?

அமெரிக்காவின் 85 ஆக்டேன் பழக்கம் இந்த இயற்பியலில் பிறந்ததுதான். கார்ப்பரேட்டர் காலத்தில் டென்வர் போன்ற 1,600 மீட்டர் உயரத்து ஊர்களில் கார்கள் குறைந்த ஆக்டேனில் நாக் இல்லாமல் ஓடின, அது வழக்கமாக நிலைத்துவிட்டது. இன்றைய கார்களில் கம்ப்யூட்டர் பொறி விடும் நேரத்தை உயரத்துக்கேற்ப முன்னே தள்ளி, நாக்கின் விளிம்பு வரை போய் ஓட்டுகிறது. அதனால் பழைய கார்களில் கிடைத்த அளவு சலுகை புதிய கார்களில் கிடைப்பதில்லை. அங்கே விற்கும் கார்கள் பெரும்பாலானவற்றின் கையேடு, குறைந்தது 87 போடச் சொல்கிறது. கொலராடோவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு என் ஆலோசனை, கையேட்டின் பக்கம் நில்லுங்கள் என்பதே. மலையை விட்டு டெக்சஸ் பக்கம் இறங்கப் போகிறீர்கள் என்றால் 85-ஐத் தொடவே வேண்டாம்.

ஊட்டி மலையில் கேட்கும் சத்தம்

‘என் கார் ஊட்டி ஏறும்போது டொக் டொக் என்று அடித்ததே’ என்று கேட்பவர்கள் உண்டு. அடித்திருக்கும். எங்கே அடித்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெரும்பாலும் கல்லாறு தாண்டி பர்லியார் வரைக்குமான கீழ்ப்பகுதியாக இருக்கும். அங்கே உயரம் இன்னும் குறைவு, காற்று கனமானது, வெயிலும் உண்டு. ஏ.சி. ஓடுகிறது, வண்டியில் ஐந்து பேர். கொண்டை ஊசி வளைவில் வேகம் செத்துப்போன பிறகும் கியர் மாற்றச் சோம்பல்பட்டு, மூன்றாவது கியரிலேயே ஆக்சிலரேட்டரை அழுத்துகிறோம். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது முழுச் சுமையைக் கொடுத்தால் மிச்சக் கலவைக்குச் சூடேறிப் பற்ற நிறைய நேரம் கிடைக்கிறது. நாக் அடிப்பதற்கு இதைவிட வசதி வேண்டாம்.

மருந்து உங்கள் இடது கையில் இருக்கிறது. வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள். இரண்டாவது கியரில் 2,500, 3,000 சுற்றில் ஏறும் இன்ஜின் சத்தம் போடும். அது உழைக்கிற சத்தம், பயப்பட வேண்டாம். 1,300 சுற்றில் முனகிக்கொண்டு ஏறும் இன்ஜின்தான் உள்ளுக்குள் அடி வாங்குகிறது. மலைச் சாலையில் டிரைவர்களைக் கவனித்திருக்கிறேன். அனுபவசாலிகள் வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைப் போட்டுவிடுவார்கள். புதியவர்கள் வளைவுக்கு நடுவில் தடவுவார்கள்.

என்னைக் கேட்டால், ஆக்டேன் அதிகம் வேண்டிய இடம் லே அல்ல, மே மாதத்து வேலூர். 42 டிகிரி வெயில், முழு ஏ.சி., நிறைந்த வண்டி, மேம்பாலத்தில் நான்காவது கியரில் லாரியை முந்தும் அவசரம். கூடுதல் காசு கொடுத்து பிரீமியம் போட்டே தீர வேண்டும் என்று தோன்றினால் அங்கே போடுங்கள்.

டர்போ என்றால்

டர்போ என்பது வெளியே போகும் புகையின் வேகத்தில் சுழன்று, உள்ளே வரும் காற்றை நெருக்கித் தள்ளும் விசிறி. உயரத்தில் காற்று மெலிந்தாலும் அது கூடுதலாகச் சுழன்று ஈடுகட்டிவிடும். ஊட்டியில் டர்போ கார்கள் சமவெளியைப் போலவே இழுப்பது அதனால்தான். ஈடுகட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. இன்ஜினுக்குக் கடல்மட்டக் காற்றைப்போல 1.9 மடங்கு அழுத்தம் வேண்டும் என்று வையுங்கள். சென்னையில் காற்றை 1.9 மடங்கு நெருக்கினால் போதும். ஊட்டியில் அதே 1.9-ஐ எட்ட இரண்டரை மடங்கு நெருக்க வேண்டும். கூடுதலாக நெருக்கினால் கூடுதலாகச் சூடேறும். இன்டர்கூலர் கொஞ்சம் ஆற்றும், மலைக் குளிர் கொஞ்சம் உதவும். ஆனாலும் சிலிண்டருக்குள் அழுத்தம் சென்னையைப் போலவே இருப்பதால் ஆக்டேன் தேவை குறைவதில்லை.

ஆகவே டர்போ காருக்கு விதி சுருக்கமானது: கையேடு என்ன சொல்கிறதோ அது மலையிலும் அப்படியே. 91 போதும் என்றால் 91. குறைந்தது 91, சிறந்தது 95 என்று எழுதியிருந்தால், ஊட்டி, கொடைக்கானல், மூணாறு போன்ற நடுத்தர உயரங்களில் 95 போடுவதில் அர்த்தம் உண்டு. லே, கர்துங் லா அளவுக்குப் போய்விட்டால் டர்போவுக்கும் மூச்சு முட்டும். அதற்கு மேல் வேகமாகச் சுழன்றால் டர்போ கெட்டுவிடும் என்பதால் கம்ப்யூட்டரே அழுத்தத்தைக் குறைத்துவிடும். அங்கே 100 ஆக்டேன் ஊற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை.

இதே பாடத்தை 1940-இல் பிரிட்டிஷ் விமானிகள் வானத்தில் கண்டார்கள். ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைத்ததும் மெர்லின் இன்ஜினில் காற்றை நெருக்கும் கருவி தரும் கூடுதல் அழுத்தத்தை ஏறத்தாழ இருமடங்காக்க முடிந்தது. அதனால் கூடுதல் வேகம் கிடைத்தது தாழ்வான உயரங்களில் மட்டும். உயரே, காற்றை நெருக்கும் கருவியே திணறத் தொடங்கிய பிறகு, 100 ஆக்டேனால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

பம்பில் எழுதியிருக்கும் எண்

ஒரே எண் ஊருக்கு ஊர் வேறு பொருள் தரும். இந்தியாவிலும் இலங்கையிலும் ஐரோப்பாவிலும் எழுதுவது ‘ரான்’ முறை எண். அமெரிக்காவில் எழுதுவது ரானுக்கும், அதைவிடக் கடினமான இன்னொரு சோதனை எண்ணுக்கும் சராசரி. அதனால் அமெரிக்காவின் 87, நம் 91-92-க்குச் சமம். அவர்களுடைய 91 நம் 95-96-க்குச் சமம். அமெரிக்காவுக்கு எழுதிய கையேட்டில் ‘91 போடு’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு இங்கே 91 போட்டால் தவறு. இறக்குமதி காரோ, இணையத்தில் எடுத்த கையேடோ வைத்திருப்பவர்கள் இதில் கவனமாக இருங்கள்.

இலங்கையில் பம்பில் பொதுவாக 92, 95 கிடைக்கும். நுவரெலியா 1,868 மீட்டர். டர்போ இல்லாத, 92 போதும் என்று கையேடு சொல்லும் காருக்கு அங்கே ஏற 95 தேவையே இல்லை.

இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 தரப்படி சாதாரணப் பெட்ரோல் குறைந்தது 91 ரான், பிரீமியம் 95. இதற்கு மேல் 100 ஆக்டேன் என்றும் சில பங்க்குகளில் விற்கிறார்கள். அதன் விலை சாதாரணப் பெட்ரோலைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். பிறகு 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பரவலாகிவிட்டது. எத்தனால் ஆக்டேனை உயர்த்துவதால் இ20-க்கான தரநிர்ணயம் குறைந்தது 95 ரான் என்கிறது. அதாவது சாதாரண பம்பிலிருந்து வருவதே இ20 என்றால், ‘95’ என்று எழுதிய பம்புக்குக் கூடுதல் பணம் கொடுக்க ஆக்டேன் ஒரு காரணமாக இருக்க முடியாது. இன்ஜினைச் சுத்தமாக வைக்கும் சேர்மானங்களுக்காகக் கொடுக்கிறேன் என்றால் அது உங்கள் விருப்பம்.

கலந்து ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக. ஆக்டேன் ஏறக்குறைய சராசரிக் கணக்காகவே கலக்கும். டேங்கில் 20 லிட்டர் 91 இருக்க, 20 லிட்டர் 100 ஊற்றினால் 95-ஐ ஒட்டி வரும். மாற்றி ஊற்றியவுடன் காரில் எதையும் தட்டிச் சரிசெய்ய வேண்டியதில்லை. இன்ஜின் பிளாக்கில் திருகி வைத்திருக்கும் நாக் சென்சார் ஒரு காதுபோல உட்கார்ந்து அடி விழுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டால் பொறி விடும் நேரத்தைப் பின்தள்ளும். திறன் கொஞ்சம் குறையும், இன்ஜின் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் காதை நம்பியே தரம் கெட்ட பெட்ரோலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டக் கூடாது.

லடாக் போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் காரிலேயே லடாக் போய்வருகிறவர்கள் இப்போது நிறைய. அவர்கள் ஆக்டேனைப் பற்றிக் கவலைப்படுவதில் பாதியையாவது அளவைப் பற்றியும் கலப்படத்தைப் பற்றியும் படலாம். மணாலி–லே சாலையில் தண்டி என்ற இடத்து பங்க்கில் ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்று வைத்திருந்த பலகை பிரபலமானது. கிளம்பும் முன் வழியில் புதிய பங்க் ஏதாவது வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். வந்திருந்தாலும் அதை நம்பாமல் தண்டியில் டேங்கை நிரப்புங்கள். சின்னக் காரின் டேங்க் 35, 37 லிட்டர்தான். இரண்டாவது கியரிலேயே ஏறும் சாலையில் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்தால் லே வரைக்கே 30 லிட்டர் போய்விடும். வழியில் சாலை மூடியிருந்து திரும்ப நேர்ந்தால் சிக்கல். ஒரு பத்து லிட்டர் இரும்புக் கேன் கையில் இருப்பது நல்லது.

கேனைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். தண்டியில் மூடிய கேன் தங்லாங் லாவில் 5,300 மீட்டரைத் தாண்டும்போது உப்பியிருக்கும். சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி ஆவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். இன்ஜினை அணைத்து, சற்று ஆறவிட்டு, மூடியை மெல்ல மெல்லத் திறந்து ஆவியை வெளியே விட்டபிறகே ஊற்றுங்கள். கேன் ஆட்கள் உட்காரும் இடத்தில் இருக்கக் கூடாது.

95, 100 எல்லாம் மலைமேல் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். உங்கள் டர்போ கார் 95 இல்லாமல் ஓடாது என்று கையேடு கண்டிப்பாகச் சொன்னால், சண்டிகரிலேயே நிரப்பி, முடிந்தவரை அதைக் கலந்து ஓட்டுங்கள். கண்டிப்பாகச் சொல்லாமல் ‘சிறந்தது’ என்று மட்டும் சொன்னால் அங்கே கிடைப்பதைப் போட்டுக்கொண்டு, ஏற்றத்தில் முழுதாக மிதிக்காமல் ஓட்டினால் போதும்.

ஸ்பிட்டி பக்கம் போகிறவர்கள் காஸாவில் நிரப்பலாம். 3,740 மீட்டரில் இருக்கும் அந்த இந்தியன் ஆயில் பங்க், உலகத்திலேயே உயரத்தில் உள்ள பங்க் என்று பலகை வைத்திருக்கிறது.

டீசல் கார்க்காரர்களுக்கு ஆக்டேன் கவலையே கிடையாது. அவர்களுக்குக் கவலை குளிர். சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகாய்க் கட்டிக்கொள்ளும். அதற்காகவே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை 2019-இல் லடாக்கில் அறிமுகப்படுத்தினார்கள். கோடையில் போகிறவர்களுக்கு அது தேவைப்படாது.

கார்ப்பரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் தனிச் சாதி. பழைய அம்பாசடர், முதல் தலைமுறை மாருதி 800, பழைய புல்லட் எல்லாம் இதில் அடங்கும். கார்ப்பரேட்டருக்குக் காற்று மெலிந்தது தெரியாது. பழைய கணக்கிலேயே பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். கலவை தடித்துப்போய்ப் புகை கறுக்கும், பிளக்கில் கரி பிடிக்கும், காலையில் கிளம்ப அடம் பிடிக்கும். ஆக்டேனை மாற்றினால் இது தீராது. ஒரு அளவு சிறிய மெயின் ஜெட் போட்டால் தீரும். கீழே இறங்கும் முன் மறக்காமல் பழைய ஜெட்டை மாற்றிவிடுங்கள். சின்ன ஜெட்டோடு சமவெளியில் ஓட்டினால் கலவை மெலிந்து இன்ஜின் கொதிக்கும். அழுத்தம் குறைந்த இடத்தில் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிக் குழாயை அடைப்பதும் இந்த வண்டிகளில் உண்டு. மலைச் சாலையில் அம்பாசடர் டிரைவர்கள் இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்பின் மேல் ஈரத்துணி போட்டு வைப்பது இதற்காகத்தான். டேங்குக்குள்ளேயே மோட்டார் வைத்த இன்றைய கார்களில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

இறங்கும்போது

உயரத்தில் சேர்ந்த ஆக்டேன் கடன் இறங்கும்போதுதான் வசூலுக்கு வரும். மேலே பாதிக் காற்றில் சத்தமில்லாமல் எரிந்த மட்டமான பெட்ரோல், கீழே முழுக் காற்றும் வெயிலும் சேர்ந்ததும் தன் குணத்தைக் காட்டும். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன்.

ஒருமுறை லேயிலிருந்து திரும்பும்போது, வழியில் ஒரு கூடாரக் கடையில் கேனில் வைத்து விற்ற பெட்ரோலைப் பத்து லிட்டர் வாங்கி ஊற்றினேன். இடத்தின் பெயர் வேண்டாம். டேங்கில் பாதி இருந்தது. சாலை எங்கோ மூடியிருக்கிறது என்று யாரோ சொன்ன பேச்சில் பதறி வாங்கியது. விலை இருமடங்கு, முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாடை. மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் மிகவும் தாழ்வு. பத்தில் ஒரு பங்கு கலந்தாலே பெட்ரோலின் எண் சில புள்ளிகள் இறங்கிவிடும். ஆனால் பாரலாச்சா லா ஏறும்போது வண்டியில் ஒரு குறையும் தெரியவில்லை. அடல் சுரங்கம் தாண்டி மணாலி வரை அப்படியே வந்தது. ‘வீணாகச் சந்தேகப்பட்டோம்’ என்றுகூட மனைவியிடம் சொன்னேன்.

குல்லு தாண்டியதும் லேசாக ஆரம்பித்தது. மண்டிக்கு முன்னால் ஒரு சின்ன ஏற்றத்தில், தகரக் கூரை ஆலங்கட்டி நன்றாகவே கேட்டது. உயரம் 800 மீட்டருக்கும் கீழே வந்துவிட்டது, வெளியே 36 டிகிரி. ஏ.சி.யை அணைத்தேன். கியரை ஒன்று குறைத்து, ஆக்சிலரேட்டரில் காலைப் பூப்போல வைத்துக்கொண்டு மண்டியில் முதலில் கண்ணில் பட்ட நல்ல பங்க்கில் நிறுத்தினேன். டேங்கில் பதினைந்து லிட்டர் போல மிச்சம் இருந்தது. அதன்மேல் இருபத்தைந்து லிட்டர் பிரீமியம் ஊற்றச் சொன்னேன். என் காருக்கு 91 போதும். அன்றைக்கு மட்டும், டேங்கில் கிடந்த கழிசலைச் சராசரிக் கணக்கில் மேலே தூக்க 95 தேவைப்பட்டது.

பிலாஸ்பூர் தாண்டும்போது சத்தம் நின்றிருந்தது.